மாமரத்தடியில் ஓர் எஞ்சின்

2025 பொங்கல் விழாவுக்கு வந்திருந்தவர்களில் குறைந்தது இருபது பேராவது என்னிடம் கேட்ட கேள்வி, "என்ன சார், வண்டியைக் காணோம்?" என்பதுதான். பொங்கல் பானைகளும் கரும்புக் கட்டும் அந்த வருஷம் ஒரு ஆட்டோவில் வந்து இறங்கின. வண்டி விற்றுப் போய்விட்டது என்று சிலர் பேசிக்கொண்டதும் என் காதில் விழுந்தது. விற்கவில்லை. அன்று அந்த வண்டி எங்கள் வீட்டுக் கொல்லையில் மாமரத்தடியில், எஞ்சின் இல்லாமல், வாயைத் திறந்துகொண்டு நின்றது. எஞ்சின் பக்கத்தில் ஒரு பழைய லாரி டயரின் மேல் தார்ப்பாய் போர்த்தி உட்கார்ந்திருந்தது. எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளாது என்பதால் மலர்க்குழு நண்பரின் வற்புறுத்தலுக்கு இணங்கி எழுதுகிறேன். எழுதப் பழகாதவன், குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் வண்டியைப் பற்றி. 1988-ஆம் வருஷத்து அம்பாஸடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி. 1997-ல் ஓய்வு பெற்று ஊருக்குப் போன ஓர் அதிகாரியிடமிருந்து வாங்கினேன். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபர்டு காரின் மூன்றாவது வரிசையை ஒட்டிச் செய்யப்பட்டது அம்பாஸடர். 1958 முதல் 2014 வரை ஹூக்ளிக் கரையில் உத்தர்பாராவில் செய்தார்கள். ஹௌரா - பர்த்வான் மெயின் லைனில் போகிறவர்களுக்கு ஹிந்த் மோட்டர் என்ற ஸ்டேஷன் தெரிந்திருக்கும். ஒரு கார் தொழிற்சாலையின் பேரால் ரயில்வே ஸ்டேஷன் இருப்பது எங்கள் இலாகாக்காரர்களுக்கு ஒரு பெருமை.

கரக்பூர், பெங்கால் நாக்பூர் ரயில்வே காலத்திலேயே தென்னாட்டவர் வந்து குடியேறிய ஊர். இங்கே நம்மவர் வீட்டில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டி. ஊரிலிருந்து ஹௌரா மெயிலில் மாமனார் மாமியார் வந்தால், ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது என்று பெயர் பெற்றிருந்த நமது பிளாட்பாரத்தை அவர்கள் நடந்து முடிக்கும்போது வெளியே நிற்பதும் இந்த வண்டி. பிரசவத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறது. அந்தக் குழந்தைகளில் ஒன்று இன்று ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறது. ஆகவே வண்டியைக் காணோம் என்று கேட்டவர்கள் பேச்சுக்காகக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

2024 மழைக்காலத்தில் மேம்பாலம் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்தியது, வண்டி நகரவில்லை. கிளட்ச் நழுவுகிறது. இது எளிதில் புரிகிற நோய். ஆனால் வண்டி நிற்கும் இடத்தில் சிமென்டுத் தரையில் தினமும் காலையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய். அதுவும் கிளட்ச் வீட்டுக்குக் கீழே. அப்படியானால் கிளட்ச் தேய்ந்து நழுவவில்லை, எண்ணெயில் குளித்து நழுவுகிறது.

இந்த எஞ்சின் பி.எம்.சி.-யின் பி வரிசையைச் சேர்ந்தது. 1489 சி.சி., நான்கு சிலிண்டர், மூன்றே மெயின் பேரிங். கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் இக்காலத்து வண்டிகளில் இருப்பதுபோல் ரப்பர் சீல் கிடையாது. ஷாஃப்டிலேயே ஒரு திருகுக்கோடு வெட்டியிருப்பார்கள். ஷாஃப்ட் சுழலும்போது அந்தத் திருகு வெளியே வரப் பார்க்கும் எண்ணெயை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். நல்ல யோசனைதான். ஆனால் பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினாலும், பிஸ்டன் ரிங் தேய்ந்து கிராங்க் கேஸுக்குள் புகை அழுத்தம் ஏறினாலும், பிரீதர் குழாய் அடைத்துக்கொண்டாலும் திருகு தோற்றுவிடும். எங்கள் வண்டியில் மூன்றும் சேர்ந்திருந்தன என்பது பின்னால் தெரிந்தது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்துவிட்டு எஞ்சினை ஓட்டினால் அடுப்பு ஊதியதுபோல் புகை வந்தது. கம்ப்ரஷன் பார்த்ததில் மூன்றாவது சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட வெகு குறைவு.

எஞ்சினை இறக்காமல் முடியாது. ஊரில் ஒரு பட்டறையில் கேட்டேன். முப்பதாயிரம், அதுவும் சாமான் தனி என்றார்கள். பெங்களூரில் இருக்கும் என் மகன் தொலைபேசியில், "அப்பா, அந்தப் பணத்துக்கு வண்டியே போகாது. எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்றான். அவன் சொன்னது கணக்குப்படி சரி. எனக்கு அது பிடிக்கவில்லை. நானே இறக்குகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் டிப்ளமா முடித்துவிட்டு 1980-ல் அப்ரெண்டிஸ் மெக்கானிக்காக ரயில்வேயில் சேர்ந்தேன். 2019-ல் சீனியர் செக்ஷன் எஞ்சினியராக ஓய்வு பெற்றேன். முக்கால்வாசி நாள் டீசல் ஷெட்டுகளில். டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சின் என்றால் பதினாறு சிலிண்டர், 2600 குதிரைசக்தி. ஒரு பிஸ்டனின் குறுக்களவே ஒன்பது அங்குலம். அதைப் பிரித்து மாட்டுவதை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. பார்த்திருக்கிறேன். அளவு எடுத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டிருக்கிறேன், சத்தம் போட்டிருக்கிறேன். ஸ்பேனர் பிடித்தவர்கள் ஃபிட்டர்கள். சங்கிலி பிடித்தவர்கள் கலாசிகள். பயிற்சிக் காலத்தைத் தவிர்த்தால் ஒரு எஞ்சினை முதல் நட்டிலிருந்து கடைசி நட்டு வரை என் கையால் கழற்றியதில்லை. இது வீட்டில் யாருக்கும் தெரியாது. எஞ்சினியர் என்றால் எல்லாம் கையால் செய்தவர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் திருத்தவில்லை.

டிசம்பர் விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான். பதினான்கு வயது. துணைக்கு அவன் போதும் என்று நினைத்தேன். என் சம்சாரம் இரண்டு நிபந்தனை போட்டாள்: கிரீஸ் கையோடு சமையலறைக்குள் வரக்கூடாது, நல்ல பாத்திரம் எதையும் தொடக்கூடாது. மனம் இரங்கிப் பழைய இட்லித் தட்டுகள் நான்கைக் கொடுத்தாள். இதைவிட நல்ல ஏற்பாடு ஷெட்டில்கூட இருந்ததில்லை. ஒரு குழிக்கு ஒரு ஜாதி நட்டு, வாஷர். ரேடியேட்டருக்கு ஒரு தட்டு, பெல் ஹவுஸிங்குக்கு ஒரு தட்டு. தட்டின் ஓரத்தில் மெழுகுப் பென்சிலால் தமிழில் எழுதி வைத்தோம். ராக்கரை இயக்கும் எட்டு புஷ் ராடுகளை மட்டும் ஓர் அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு வரிசை மாறாமல் செருகினேன். எந்த ராடு எந்த இடத்தில் தேய்ந்ததோ அதே இடத்துக்குத்தான் திரும்பப் போக வேண்டும்.

கழற்றும் வரிசையில் அதிசயம் ஒன்றும் இல்லை. பாட்டரியைக் கழற்றியாயிற்று. பானெட்டைக் கழற்றுமுன் கீல் இருக்கும் இடத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டோம்; இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது ஒரு பக்கம் தூக்கி நிற்கும். தண்ணீரையும் ஏறக்குறைய நாலு லிட்டர் எண்ணெயையும் வடித்து, ரேடியேட்டரையும் விசிறியையும் எடுத்தோம். கார்புரேட்டர், பெட்ரோல் குழாய் (வாயில் மரத்தக்கை அடைத்து), ஸ்டார்ட்டர், டைனமோ, கம்பிகள். ஒவ்வொரு கம்பியையும் கழற்றுமுன் பேரன் தன் அலைபேசியில் படம் பிடித்தான். நான் நோட்டில் வரைந்தேன். பின்னால் இரண்டும் உதவின. என் படம் சற்றுக் குறைவாக.

வம்பு செய்தது புகைக்குழாய். மேனிஃபோல்டில் அது சேரும் இடத்து நட்டுகள் முப்பத்தாறு வருஷம் சூட்டில் வெந்து ஒன்றாகிவிட்டிருந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்தேன். இரண்டு வந்தன. மூன்றாவதில் பொறுமை இழந்து ஸ்பேனரில் குழாய் செருகி அழுத்தினேன். ஸ்டட் முறிந்தது. ஷெட்டில் யாராவது இதைச் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதைப் பேரன் முன்னால் எழுத முடியாது.

மூன்றாம் நாள் தூக்க வேண்டும். தேவைப்பட்டது சங்கிலிக் கப்பி ஒன்று. ஒரு டன் தூக்குவதை வாடகைக்கு எடுத்தேன். எங்கே மாட்டுவது? மாமரத்தின் கிளை சரியாக வண்டிக்கு மேலே நீண்டிருந்தது. உடனே டிப்ளமா படிப்பு விழித்துக்கொண்டது. நோட்டை எடுத்தேன். எஞ்சின் எடை 150 கிலோ. கிளையின் விட்டம் 18 சென்டிமீட்டர். அடிமரத்திலிருந்து 90 சென்டிமீட்டரில் பாரம். வளைவுத் தகைவு சதுர சென்டிமீட்டருக்கு 24 கிலோகூட வரவில்லை. மாமரம் அதைப்போலப் பத்து மடங்கு தாங்கும். பேரனுக்குச் சூத்திரத்தை விளக்கிச் சொன்னேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

கியர்பாக்ஸுக்கு அடியில் கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கினோம். எஞ்சினைச் சற்றே தூக்கி, பெல் ஹவுஸிங் போல்ட்டுகளையும் முன்பக்கத்து ரப்பர் மவுண்டிங்குகளையும் எடுத்து, எஞ்சினை முன்னால் இழுத்தோம். கியர்பாக்ஸின் ஷாஃப்ட் கிளட்ச் தட்டிலிருந்து விடுபடும் வரை எஞ்சின் நேராக வர வேண்டும். அதன் எடை அந்த ஷாஃப்டில் தொங்கினால் கிளட்ச் தட்டு வளைந்துவிடும். அதையும் ஒழுங்காகவே செய்தோம். எஞ்சின் விடுபட்டது. ஒரு சாண் மேலே தூக்கினேன். எண்ணெய்த் தொட்டி முன் குறுக்குச் சட்டத்தில் இடிக்குமோ என்று தோன்றியது. "கையைக் கீழே விட்டுக் கொஞ்சம் தள்ளிப் பிடிடா" என்றேன். பேரன் வண்டிக்குள் குனிந்து தொட்டிக்கு அடியில் கையை விட்டுப் பிடித்தான்.

அப்போது அவன் பாட்டி கொல்லை வாசலில் வந்து, "டேய், தோசை ஆறிப்போகுது, எத்தனை தடவை கூப்பிடுறது" என்றாள். அவன் கையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தான். ஏதோ பதில் சொல்லத் திரும்பினான்.

கிளை முறிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. ஈரத் துணியைக் கிழித்தாற்போல ஒரு ஓசை. எஞ்சின் குறுக்குச் சட்டத்தின்மேல் விழுந்து ஒருச்சாய்ந்து நின்றது. கிளையும் கப்பியும் மட்கார்டின்மேல். எண்ணெய்த் தொட்டியின் அடியில், அவன் கை இருந்த இடத்தில், ஒரு கிண்ணம் கவிழ்த்தாற்போல் நசுங்கல்.

யாரும் பேசவில்லை. என் சம்சாரம் பேரனின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவனை உள்ளே அழைத்துப் போனாள். என்னைப் பார்க்கவே இல்லை. நான் கிளையின் முறிந்த வாயைப் போய்ப் பார்த்தேன். கவைக்குள் மழைநீர் இறங்கி உள்மரம் காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது. கணக்கு சரிதான். கணக்கில் நான் போட்ட மரம் அங்கே இல்லை. ஆனால் அன்று இரவு முழுக்க என் மனதில் ஓடியது மரம் அல்ல. நல்ல மரமாகவே இருந்திருந்தாலும், தொங்குகிற பாரத்துக்கு அடியில் கையை விடு என்று நான் எப்படிச் சொன்னேன்?

அடுத்த நாள் காலையில் மால்கோடாம் பக்கம் குடியிருக்கும் ஒரு பழைய கலாசி சர்தாரைத் தேடிப் போனேன். ஸ்ரீகாகுளத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஷெட்டில் எல்லாரும் அவரை 'தாதா' என்போம், வங்காளத்து வழக்கப்படி அண்ணன் என்ற பொருளில். அவரை நான் தாதா என்று கூப்பிட, என்னைப் பேரன் தாத்தா என்று கூப்பிட, அன்று முழுவதும் அவன் யாரைக் கூப்பிடுகிறான் என்று இருவருமே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். மீதிக் கிளைகளில் ஒன்றைக் கம்பால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். "இதுவும் பொக்கை சார்" என்றார். நான் என் கணக்கைப் பற்றி மூச்சு விடவில்லை. மத்தியானம் ஒரு சைக்கிள் வண்டியில் மூன்று சால் மரக் கம்பங்கள் வந்தன. ஒவ்வொன்றும் பன்னிரண்டு அடி. தரையில் படுக்கவைத்து உச்சியைக் கயிற்றால் எட்டுப் போல மாற்றி மாற்றிச் சுற்றிக் கட்டினார். வண்டியைச் சுற்றி முக்காலியாக நிறுத்தி, கால்களுக்குச் சாண் ஆழம் குழி வெட்டி, மூன்று கால்களையும் தரைமட்டத்தில் ஒன்றோடொன்று கயிற்றால் இணைத்தார். பாரம் ஏறினால் முக்காலி முதலில் செய்வது கால் விரிப்பதுதான்.

பிறகு என் கட்டைப் பார்த்தார். எஞ்சினின் முன்னும் பின்னும் நைலான் கயிற்றைக் கட்டி, நடுவில் கொக்கியை மாட்டியிருந்தேன். உயரம் மிச்சம் பிடிக்கக் கயிற்றைக் குட்டையாக விட்டதில் இரண்டு கயிறும் அகல விரிந்து நின்றன. "சார், வகுப்பிலே நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?" என்றார். உண்மைதான். ஸ்லிங்கின் இரண்டு கால்களுக்கும் இடையே கோணம் 120 டிகிரி ஆனால் ஒவ்வொரு காலும் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. பாதிப் பாரம் அல்ல. அதற்கு மேல் விரித்தால் இன்னும் அதிகம். பாதுகாப்பு வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு நானே நடத்திய பாடம். 1948-ஆம் வருஷத்து ஃபாக்டரி சட்டத்தின் 29-ஆவது பிரிவையும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தூக்கும் சங்கிலியையும் கயிற்றையும் கப்பியையும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவர் பரிசோதிக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம். வாடகைக் கப்பியில் எத்தனை டன் என்பதைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. அவர் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக விரலால் தடவிக்கொண்டே வந்தார். கொக்கியின் வாய் விரிந்திருக்கிறதா என்று பார்த்தார். கடையில் திருப்பிக் கொடுக்கச் சொல்லி வேறொன்று வாங்கி வரவைத்தார்.

தூக்கும்போது அவர் சொன்னது ஒரே விதி: எஞ்சின் நகரக்கூடாது, வண்டிதான் நகர வேண்டும். எஞ்சின் முக்காலிக்கு நேர் கீழே மேலே போகும், அவ்வளவுதான். கியர்பாக்ஸை எஞ்சின் அறைக்குக் குறுக்கே போட்ட கடப்பாரையில் கயிற்றால் தொங்கவிட்டு, ஜாக்கியை உருவிவிட்டார். சங்கிலியை அவரே இழுத்தார். எஞ்சின் முன்சட்டத்துக்கு மேலே வந்ததும், நானும் பேரனும் பக்கத்து வீட்டு முகர்ஜி பாபுவும் வண்டியைப் பின்னால் தள்ளினோம். எஞ்சின் அப்படியே லாரி டயரின்மேல் இறங்கியது. எல்லாம் இருபது நிமிஷம். ஒருவர் கையும் பாரத்தின் அடியில் போகவில்லை. தள்ளிப் பிடிக்க வேண்டிய நேரத்தில் ஒரு நீளக் கம்பைப் பேரன் கையில் கொடுத்தார்.

டீ குடிக்கும்போது நடந்ததை அவரிடம் சொன்னேன், கையை விடச் சொன்னதையும் சேர்த்து. அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பையன் ஞாபகம் இருக்கா சார்?" என்றார்.

இருந்தது. முந்தின இரவு நான் தூங்காததற்கும் அதுதான் காரணம். 1994. நாங்கள் இருவரும் வேலை பார்த்த ஷெட்டின் பெயர் இங்கே வேண்டாம். மெயிலுக்குக் கொடுக்க வேண்டிய இரயில் எஞ்சின் ஒன்று, சிலிண்டர் ஹெட் மாற்றம், நேரமாகிவிட்டது. கிரேனில் ஹெட் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டட்டுகளில் சரியாக உட்காரவில்லை. கீழே நின்ற நான், "சீக்கிரம், கையாலே பிடிச்சுத் திருப்பு" என்று கத்தினேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத கலாசிப் பையன் பிடித்துத் திருப்பினான். இடது கையில் இரண்டு விரல் போயிற்று. விசாரணையில் நான் கொடுத்த வாக்குமூலம், வைக்கக்கூடாத இடத்தில் தொழிலாளி கையை வைத்தார் என்பது. அதில் பொய் ஒன்றும் இல்லை. யார் வைக்கச் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சட்டப்படி வர வேண்டிய நஷ்ட ஈடு அவனுக்கு வந்தது. கவனக்குறைவு என்ற வார்த்தையும் அவன் பேரில் ஏறியது. பிறகு லேசான வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

சர்தார் அன்று அங்கே இருந்தார். நான் கத்தியது அவர் காதிலும் விழுந்திருக்கும். முப்பது வருஷம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினவர் இல்லை. அன்றும் அதற்கு மேல் பேசவில்லை. டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, கூலி வேண்டாம் என்று மறுத்துவிட்டு, சைக்கிளில் ஏறிப் போனார்.

அதன் பிறகு வேலை ஒரு மாதம் நடந்தது. பேரன் பள்ளி திறந்து பெங்களூர் போய்விட்டான். எஞ்சினைப் பிரித்ததில் மூன்றாவது பிஸ்டனின் மேல் ரிங் இரண்டாக உடைந்திருந்தது. மெயின் பேரிங்குகளில் வெள்ளை உலோகம் தேய்ந்து செம்பு தெரிந்தது. பிரீதர் குழாய்க்குள் கம்பியை விட்டால் களிம்பாக வந்தது; வருஷத்துக்கு ஒரு முறை பெட்ரோலில் கழுவியிருந்தால் இந்தக் கதையில் பாதி நடந்திருக்காது. அம்பாஸடர் வைத்திருப்பவர்கள் யாராவது மிச்சம் இருந்தால் இதை மட்டும் நாளைக்கே செய்யுங்கள். கிராங்க் ஷாஃப்டைப் பத்து தவ் கடைந்து, அதற்கேற்ற பேரிங் வாங்கக் கல்கத்தா மல்லிக் பஜாருக்கு மூன்று நடை லோக்கல் வண்டியில் போனேன். உற்பத்தி நின்று பத்து வருஷம் ஆகியும் அங்கே இந்த வண்டிக்குக் கிடைக்காத சாமான் இல்லை. எது புதிது, எது புதிதாகத் துடைத்தது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. மைக்ராமீட்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். அதைப் பார்த்ததும் கடைக்காரர்கள் உள்ளறையிலிருந்து வேறு பெட்டி எடுத்தார்கள்.

மாட்டும்போது ஓரிடத்தில் மட்டும் தடுமாற்றம். கிளட்ச் தட்டை ஃப்ளைவீலில் முறுக்கும்போது நட்டநடுவில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் உள்ளே போகாது. மல்லிக் பஜாரில் ஓர் உடைந்த கியர்பாக்ஸின் ஷாஃப்டை எடைக்கு வாங்கி வந்து அதையே செருகி மையம் பார்த்து முறுக்கினேன். அப்படியும், சர்தார் வந்து முக்காலியில் எஞ்சினைத் தொங்கவிட்டு, வண்டியை முன்னால் உருட்டிக் கொண்டுவந்து சேர்க்கையில், இரண்டு அங்குலம் மிச்சம் வைத்து நின்றுவிட்டது. பலத்தால் தள்ளினால் போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம் என்று ஆசை வரும். அங்கேதான் பலர் தட்டை உடைப்பது. வண்டியை கியரில் போட்டுவிட்டு, முன்னாலிருந்து ஸ்டார்ட்டிங் ஹாண்டிலால் கிராங்கை மெதுவாகத் திருப்பினேன். பல்லும் பல்லும் சந்தித்த இடத்தில், பெட்டி மூடுகிற மாதிரி மெத்தென்று உள்ளே போயிற்று. சர்தார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். 39 வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைத்த மெரிட் சர்டிஃபிகேட்டுகள் எல்லாவற்றையும்விட அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தம் ஏறும் வரை கையால் சுற்றினோம். பிறகு பிளக் மாட்டி, டாப்பெட் இடைவெளி பதினைந்து தவ் வைத்து, சாவியைத் திருப்பினேன். மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. பிப்ரவரி 16, ஞாயிறு, காலை பதினொன்றரை. அலைபேசியில் பேரன் பெங்களூரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். இட்லித் தட்டில் இரண்டு வாஷர் மிச்சம். எங்கிருந்து வந்தவை என்று இன்றுவரை தெரியவில்லை. தட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். என் சம்சாரம் வாங்கிக்கொள்ளவில்லை.

முதல் 500 கிலோமீட்டரை அறுபதுக்குக் குறைந்த வேகத்திலேயே ஓட்ட வேண்டும். அதனால் முதல் பயணம் பக்கத்திலேயே, சர்தார் வீட்டுக்கு. அவரை முன்சீட்டில் உட்காரவைத்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றினேன். இறங்கும்போது அந்தப் பையனைப் பற்றிக் கேட்டேன். பையன் என்கிறேன், அவனுக்கும் ஐம்பது தாண்டியிருக்கும். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பலாசாவில் முந்திரிக் கொட்டை உடைக்கும் இடத்தில் கணக்கு எழுதுகிறானாம். சர்தார் வீட்டுக் காலண்டரின் பின்பக்கத்தில் அவன் விலாசம் இருந்தது. எழுதி வாங்கிக்கொண்டேன். மெயில் பலாசாவில் நிற்கிறது. மே மாதம் ஊருக்குப் போகும்போது இறங்குவதாக இருக்கிறேன். இரண்டு டிக்கெட்டும் பலாசா வரைக்கும் எடுத்தாயிற்று. என் சம்சாரமும் வருகிறாள்.

வண்டி இப்போது மேம்பாலத்தை மூன்றாவது கியரில் ஏறுகிறது. சிமென்டுத் தரையில் காலையில் பழைய எட்டணா அகலத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் இன்னும் இருக்கிறது. சித்திரைத் திருநாள் கூட்டத்துக்குப் பெரிய பாத்திரங்களை யார் கொண்டுவருவது என்று செயலாளர் கேட்டிருந்தார். நான் கொண்டுவருகிறேன்.